இரண்டு மனுக்களும் ஒரு நோட்டீஸும்

பெரிய நகரங்கள்தான் வரலாற்றை நடத்துகின்றன என்று பேசுகிறவர்களை வாழ்க்கை முழுவதும் கேட்டுவிட்டேன். அப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நான் ராயபுரத்தில், ஈய எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நாள் முழுவதும் நின்றுகொண்டு வேலை பார்த்தவன். அங்கிருந்து பார்த்தால் நகரத்துக்கு அரசியலில் ஒரே ஒரு வேலைதான். கேட்கிறபோது கூட்டம் கொடுக்க வேண்டும், கேட்டவர் காரில் ஏறியதும் கலைந்துவிட வேண்டும். எங்கள் பகுதி அந்த வேலையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

வெள்ளைக்காரன் கோட்டைக்குள் துணி வியாபாரம் பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்தே கதை இதுதான். மூட்டை தூக்க ஆள் வேண்டும், தூக்கியவன் கோட்டைச் சுவருக்கு வடக்கே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். பிறகு கொடி மாறியது. மாறிய அன்று எங்களைக் கோட்டைக்கு எதிரே நிறுத்தி மிட்டாய் கொடுத்தார்கள். நான் இரண்டு தடவை வரிசையில் நின்று இரண்டு மிட்டாய் வாங்கினேன். சுதந்திரத்தில் என் பங்கு அவ்வளவுதான் என்று தெரிந்திருந்தால் மூன்றாவது தடவையும் நின்றிருப்பேன்.

நான் வேலை பார்த்த அச்சகம் ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முதலாளி ஒரு பாய். தோல் வியாபாரம் செய்த குடும்பம். இவருக்கு மட்டும் தோல் நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் மை நாற்றத்துக்கு வந்துவிட்டார். காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மெஷின் ஒன்று. தமிழ் எழுத்துக்கு ஒரு பெட்டி, தெலுங்குக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒன்று. மூன்றுக்கும் நான் ஒருவனே கம்பாசிடர். எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாக அடுக்கி வரி கட்டுவது என் வேலை. தெலுங்கு அப்பாவிடம் கற்றது, தமிழ் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் கற்றது. இங்கிலீஷை மட்டும் கை கற்றுக்கொண்டது, தலை கற்றுக்கொள்ளவில்லை. எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி மளமளவென்று அடுக்கிவிடுவேன், பாதி புரியும், பாதி புரியாது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. படித்துப் பார்த்து அடுக்குகிறவன் மெதுவாகத்தான் அடுக்குவான் என்று பாயே சொல்வார்.

எங்கள் வீடு ரயில் பாதைக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவே ஒரு சந்தில் இருந்தது. மொத்தம் நாற்பது வீடுகள். மண் யாரோ ஒரு மனைக்காரருடையது, அதற்கு மாதாமாதம் தரைவாடகை கொடுத்தோம். மண்ணுக்கு மேலே நின்ற ஓடும் ஓலையும் எங்களுடையது. அக்காவும் நானும்தான் வீட்டில். அவள் எனக்குப் பத்து வயது மூத்தவள். அவள் புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்த பிறகு, சந்தின் முனையில் ஆப்பம் சுட்டு விற்க ஆரம்பித்தாள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அவளிடம் நாஷ்டாவை முடித்துக்கொண்டுதான் துறைமுகக் கேட்டுக்குள் நுழைவார்கள். அடுப்பிலிருந்து கேட் நூறு அடி. அந்த நூறு அடிதான் அவளுடைய சொத்து. இந்த இடத்திலிருந்து உன்னை யாரும் எழுப்பக்கூடாது என்று சர்க்கார் எழுதிக் கொடுத்த ஒரு காகிதம், ஒரு பட்டா, அது கைக்கு வர வேண்டும். இதைத் தவிர அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாகாணத்தைப் பிரிக்கிற பேச்சு முற்றியது. தெலுங்குக்காரர்களுக்குத் தனி ராஜ்யம் கொடுத்துவிடலாம் என்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பட்டணம் யாருக்கு என்பதில்தான் அடிதடி. இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களுக்கும் அதுவரை பட்டணம் என்றால் மவுண்ட் ரோடும் கடற்கரைக் காற்றும் மட்டும்தான். துறைமுகத்துக்கு வடக்கேயும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்பது திடீரென்று அவர்கள் நினைவுக்கு வந்தது. தலைகளை எண்ணிக் காட்ட வேண்டியிருந்ததால் வந்த நினைவு அது. இந்தத் தலை தமிழா, தெலுங்கா என்பது மட்டும் தெரிந்தால் அவர்களுக்குப் போதும். அந்தத் தலைக்குக் குடிக்கத் தண்ணீர் வருகிறதா என்று ஒருவனும் கேட்கவில்லை.

பாய்க்கு நல்ல காலம். காலையில் நான் ‘பட்டணம் எங்களுடையதே’ என்று தமிழில் அடுக்குவேன். சாப்பாட்டுக்குப் பிறகு அதையே தெலுங்கில் அடுக்குவேன். சுட்டு விரல் நீட்டிய கை போல மரத்தில் செதுக்கிய ஒரு அச்சுக்கட்டை எங்களிடம் இருந்தது. இரண்டு போஸ்டருக்கும் மேலே அதே கைதான். தண்டையார்பேட்டைச் சுவர்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டு, ஒரே விரல் ஒரே பக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் சிரிப்பாக இல்லையா என்று பாயிடம் கேட்டேன்.

“பட்டணம் எவனுக்கு வேணா போவட்டும் தம்பி,” என்றார் அவர். “செவுரு நம்மளுதா? பேப்பரு நம்மளுதா? நம்மளுது மை மட்டும்தான். அத ஒழுங்கா தடவு.”

எங்கள் சந்துக்கு முதலில் வந்தவர் தமிழர் பக்கத்து வக்கீல். தெற்கே எங்கோ பங்களா உள்ளவர், கரை வேட்டி. சாக்கடை வரைக்கும் வந்தவர் அதைத் தாண்டவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே அக்காவைக் கேட்டார்:

“வீட்டுல என்ன பாஷை பேசறீங்க?”

“வூட்டுல எங்க பேசறது?” என்றாள் அக்கா. “வெடிகாலைல வாயத் தொறந்தா நாஷ்டா விக்கணும், சாயந்தரம் அரிசி ஊறப்போட்டா கண்ணு சொருகுது. ஆப்பம் கேக்கறவன் எதுல கேக்கறானோ அதுல பதில் சொல்லுவேன்.”

வக்கீலுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. தமிழ் என்று எழுதிக்கொண்டார். அக்கா விடவில்லை. பட்டணம் உங்களுக்குக் கிடைத்தால் எங்களுக்குப் பட்டா கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கிற அன்றைக்கே முதல் வேலை அதுதான், சர்க்கார் அந்த மனையை எடுத்து உங்கள் பெயருக்கு எழுதிவிடும் என்றார். யோசிக்காமல் சொன்னார். யோசிக்காமல் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் இந்த ஊர் தலைவர்கள் என்கிறது. பட்டணம் தமிழர்களுக்கே வேண்டும் என்று அவர் கொண்டுவந்த மனுவில் அக்கா கைநாட்டு வைத்தாள். அவளைப் பார்த்து நாற்பது வீடும் வைத்தது. மனையின் சர்வே நம்பர் வேண்டும் என்றார் வக்கீல். தரைவாடகை ரசீதைப் பார்த்து நான்தான் எழுதிக் கொடுத்தேன்: 1417.

மூன்றாம் நாள் நெல்லூர்ப் பக்கத்து ரைஸ் மில்காரர் வந்தார். வழவழவென்று ஒரு கார், அதற்குப் பின்னால் பத்து ஆட்கள். இவருக்குத் தமிழ் தெரியாமல் இல்லை, அன்றைக்குத் தெரியாதவர் மாதிரி இருந்தார். மூச்சுக்கு மூச்சு ‘மனவாள்ளு’ என்றார், நம்மவர்கள் என்று அர்த்தம். நம்மவர்கள் கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல், ஆளிடம் கொடுத்தார். அக்கா அவரிடம் நல்ல தெலுங்கில் பேசினாள். எங்கள் அப்பா பேசிய தெலுங்கு அது. பட்டா பற்றிக் கேட்டாள். புது ராஜ்யத்தின் முதல் கையெழுத்தே உங்கள் பட்டாவில்தான் விழும் என்றார் அவர். மறுபடியும் நாற்பது கைநாட்டு. மறுபடியும் 1417.

அவர் கார் திரும்பிப் போனதும் நான் அக்காவிடம் சண்டை பிடித்தேன்.

“இன்னாக்கா இது? ரெண்டு மனுலயும் வெச்சிக்கிறியே. மாட்டிக்கினா அசிங்கம்.”

“யாருக்குடா அசிங்கம்?” என்றாள் அவள், ஆப்பச்சட்டியைத் தேய்த்துக்கொண்டே. “ரெண்டு பேருல ஒருத்தன் கெலிக்கத்தான் போறான். எவன் கெலிச்சா நமக்கு இன்னா? பட்டா வந்தா சரி. நீ போய் வேலயப் பாரு.”

எனக்கு அந்தக் கணக்கு பிடித்துப்போனது. அவர்களை நாங்கள் ஏமாற்றுகிறோம் என்று சந்தோஷம்கூட வந்தது. இரண்டு மனுக்களும் புத்தகமாக அச்சிட பாயிடமே வந்தன. ஒன்றில், சர்வே நம்பர் 1417, நாற்பது குடும்பங்கள், அனைவரும் தமிழர் என்று அடுக்கினேன். அடுத்த வாரம் இன்னொன்றில், சர்வே நம்பர் 1417, நாற்பது குடும்பங்கள், அனைவரும் தெலுங்கர் என்று அடுக்கினேன். டில்லி வரைக்கும் போன புத்தகங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருவராவது பார்த்திருந்தால் எங்கள் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை. அந்தப் புத்தகங்களை முழுதாகப் படித்த ஒரே ஆள் நான்தான், அதுவும் தலைகீழாக.

கடைசியில் பட்டணம் தமிழர்களுக்கு என்று முடிவானது. சரவெடி, ஊர்வலம், யானைகூட வந்ததாகச் சொன்னார்கள். ஊர்வலம் எங்கள் பக்கம் வரவில்லை, எங்கள் பக்கத்திலிருந்துதான் ஆட்கள் ஊர்வலத்துக்குப் போனார்கள். மில்காரருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. புது ராஜ்யத்துக்கு வேறொரு ஊரைத் தலைநகரம் ஆக்கினார்கள், அங்கே சர்க்கார் ஆபீஸே கூடாரத்தில்தானாம், இவரும் ஒரு கூடாரம் அடித்து உட்கார்ந்தாராம். சர்க்காருக்குக் கூடாரம் போதும் என்றால் எதற்கு எங்கள் ஊருக்காக இவ்வளவு கத்தினார்கள் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் பஸ் ஏறி வக்கீலின் பங்களாவுக்குப் போனோம். அக்கா பெட்டியிலிருந்து எடுத்த புடவை கட்டியிருந்தாள். வாசல் போர்ட்டிகோவில் நிற்க வைத்தார்கள். உள்ளே மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தது, ரோஜா வாசனை வெளியே வரைக்கும் வந்தது. வெயில் உச்சிக்கு வந்த பிறகு அவர் வெளியே வந்தார். எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சந்தின் பேரைச் சொன்னதும் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

“பட்டாவா? அதுக்கு ஒரு மனு எழுதிக் கொண்டாங்க, பார்க்கலாம்.”

“மனுதான் போன தபாவே குடுத்தமே சாமி,” என்றாள் அக்கா. “நாப்பது வூடும் கைநாட்டு வெச்சிதே.”

“அது வேற மனு,” என்றார் வக்கீல்.

திரும்பி வரும்போது, பஸ் கோட்டை ஸ்டாப்பிங்கில் நின்றபோது அக்கா, “அவன் பட்டணம் வேற போல கீது,” என்றாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

நான் அவளைப்போல விடவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் மட்டமாகப் பேசிக்கொண்டிருந்த நான், உள்ளுக்குள் அந்த வக்கீலை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். சர்க்கார் வேலை மெதுவாக நடக்கும், பெரிய மனிதர்களுக்கு மறதி இருக்கும், ஆனாலும் அச்சாகிப் புத்தகமாகப் போன நம்பர் வீண்போகாது என்று நினைத்தேன். நானே அடுக்கிய எழுத்து அல்லவா. அடுத்தவன் அச்சடித்ததை நம்பாதவன்கூடத் தான் அச்சடித்ததை நம்பிவிடுகிறான்.

நாலைந்து மாதம் போயிருக்கும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு நாள், காலர் வைத்த சட்டையில் ஒரு குமாஸ்தா பாயைத் தேடி வந்தார். ஏதோ ஒரு கம்பெனியின் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னார். டைப் அடித்த ஒரு இங்கிலீஷ் தாள், ஐம்பது பிரதி, சாயங்காலமே வேண்டும். தமிழிலும் போட வேண்டுமா என்று பாய் கேட்டார்.

“வேண்டாம்,” என்றார் குமாஸ்தா. “இங்கிலீஷ் போதும். சட்டப்படி அதுதான்.”

ஊரையே இரண்டாக்கிய இரண்டு மொழிகளுக்கும் அந்தத் தாளில் வேலை இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நான் எழுத்துப் பெட்டியின் முன் போய் நின்றேன்.

மேலே ‘நோட்டீஸ்’ என்று இருந்தது. நாங்கள் அச்சடிக்கிற எல்லாமே நோட்டீஸ்தான், கல்யாணத்துக்கு வந்தாலும் கருமாதிக்கு வந்தாலும். நீள நீளமான வார்த்தைகள். கை பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனது. நாலாவது வரியில் எங்கள் சந்தின் பெயர் வந்தது. கை நின்றுவிட்டது. அடுத்து, சர்வே நம்பர். அதற்குக் கீழே, நாற்பது குடும்பங்கள் என்று எனக்குப் புரிகிற அளவு இங்கிலீஷில் இருந்தது.

வந்துவிட்டது என்று நினைத்தேன். வக்கீல் செய்துவிட்டார், அல்லது அவருக்கு மேலே யாரோ செய்துவிட்டார்கள், எங்கள் பட்டாதான் இப்படிச் சுற்றி வளைத்து என் கைக்கே வந்திருக்கிறது. அக்காவிடம் எப்படிச் சொல்வது, ஓடிப்போய்ச் சொல்வதா, அச்சான தாளைக் கொண்டுபோய் அவள் மடியில் போடுவதா என்று யோசித்துக்கொண்டே நம்பரைப் பொறுக்கினேன். ஒன்று, நாலு, ஒன்று, ஏழு. அடுக்கி முடித்துத் தாளைப் பார்த்தேன். தாளில் 1471 என்று இருந்தது. டைப் அடித்தவன் கடைசி இரண்டு இலக்கத்தையும் மாற்றி அடித்திருந்தான்.

எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. தாளில் இருப்பதுதான் வேதம், தப்பாக இருந்தாலும் அப்படியே அடுக்க வேண்டும், திருத்துவது கம்பாசிடரின் வேலை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பாய் அதைச் சொல்லித்தான் எழுத்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் நான் ஒரு எழுத்துகூட மாற்றியதில்லை. அன்றைக்கு எனக்குப் பயம் வந்துவிட்டது. நம்பர் மாறிப் போனால் எங்கள் பட்டா வேறு எவனுக்காவது போய்விடுமே என்ற பயம். மை படிந்த கையோடு குமாஸ்தாவிடம் போனேன்.

“சார், நம்பர் தப்பா கீது. ஆயிரத்து நானூத்திப் பதினேழு. நீங்க எழுவத்தொண்ணு போட்டுக்கிறீங்க.”

அவர் பையைத் திறந்து வேறு காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். முகம் வெளுத்து, பிறகு மலர்ந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து என் தோளைத் தட்டினார். டீ வாங்கிவரச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான்.

“நல்லவேளைப்பா. இது இப்படியே போயிருந்தா கோர்ட்டுல நிக்காது. தள்ளிவிட்டுடுவாங்க. நாங்க மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், ஆறு மாசமோ ஒரு வருஷமோ. மனைக்காரரே வித்துட்டாரு, இவங்களக் காலி பண்ண வைக்கறதுக்குள்ள எங்களுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.” டீயை ஒரு வாய் குடித்தார். “ஆமா, உனக்கு எப்படிப்பா நம்பர் தெரியும்?”

“நாங்க அங்கதான் சார் கீறோம்,” என்றேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் தாங்க முடியாததாக இருந்தது. தாளில் ஒரு இடத்தைத் தொட்டு, “இந்தத் தேதிக்குள்ள போயிடுங்க. அதுக்கு மேல இருந்தா ஆளோட வருவாங்க,” என்று மெதுவாகச் சொன்னார். பாய் என்னைப் பார்த்தார். வேலையை நான் வேண்டுமானால் முடிக்கிறேன், நீ வீட்டுக்குப் போ என்றார். நான் போகவில்லை. ஐம்பது பிரதியையும் நானே மிதித்து அடித்துக் கொடுத்தேன். 1417 கறுப்பாக, தெளிவாக, ஒரு பிசிறு இல்லாமல் விழுந்திருந்தது.

இரண்டு கட்சிக்காரர்களும் அவ்வளவு கூட்டம் கூட்டி, டில்லி வரைக்கும் போய், எங்கள் சந்துக்குச் செய்த உதவியைக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இவ்வளவுதான். ஒரு கம்பாசிடரின் கைக்கு ஒரு நம்பரை மனப்பாடம் செய்து வைத்தார்கள். வக்கீலைத் திட்டுகிறேன், மில்காரரைத் திட்டுகிறேன், திட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் பொய்யை நம்பாத ஒரு படிக்காத பொம்பளையின் கூடவே இருந்துகொண்டு, அதை நம்பிய புத்திசாலி நான் ஒருவன்தான். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

ஒரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. அக்கா மறுநாளைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். சந்துக்காரர்கள் கூடினார்கள். பாய் புரிய வைத்ததை வைத்துக்கொண்டு தாளில் இருந்ததை முதலில் தமிழில் சொன்னேன், பிறகு தெலுங்கில் சொன்னேன். சிலர் எண்ணூர்ப் பக்கம் மணலில் இடம் இருக்கிறதா என்று அப்போதே பேச ஆரம்பித்தார்கள். அங்கிருந்து துறைமுகக் கேட்டுக்கு எத்தனை மைல் என்று அக்காவுக்குத் தெரியும். கேட்டைவிட்டு மைல் கணக்கில் தள்ளிப்போய் ஆப்பம் விற்க முடியாது என்பதும் தெரியும்.

எல்லோரும் போன பிறகு நம்பர் விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். தாளில் தப்பாக இருந்ததை, நான் பட்டா என்று நினைத்ததை, போய்த் திருத்தியதை, டீ குடித்ததைக்கூட மறைக்கவில்லை. திட்டுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் களைந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“பட்டணம் யாருக்கு, யாருக்குன்னு அவனுங்க ரெண்டு பேரும் தொண்ட கிழியக் கத்துனானுங்க,” என்றாள். “கடைசில நீதாண்டா நைனா எடுத்துக் குடுத்துக்கிற.”

பிறகு அரிசிப் பானையை என் பக்கம் தள்ளி, உள்ளே தூக்கி வைக்கச் சொன்னாள். கொடுத்த தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது, மறுநாளும் காலை ஷிப்டு இருந்தது.